இடது பக்க லைட்

இடது பக்கப் பின் லைட் எரிந்துகொண்டே இருந்தது. அதுதான் சிக்கல்.

"மிதி," என்றாள் ஒயரக்கா. வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் டிரைவர் சீட்டில் இருந்த அவள் தம்பி மனைவி பிரேக்கை மிதித்தாள். இரண்டு பக்கமும் சிவப்பாக எரிந்தது.

"விடு."

அணைந்தது.

"மிதி."

எரிந்தது.

"அண்ணி, கால் மரத்துப் போச்சு. இருவத்திரண்டு நாளா மிதிச்சிட்டிருக்கேன். இதுக்குத் தையல் மெஷினாவது மிதிச்சிருந்தா நாலு ஜாக்கெட் ஆகியிருக்கும்."

ஒயரக்கா கையில் இருந்த டெஸ்ட் லாம்ப்பின் நுனியை ஹோல்டருக்குள் விட்டுப் பார்த்தாள். கரண்ட் வந்தது. பல்பைக் கழற்றி, சட்டை நுனியால் அடிப்பக்கத்தைத் துடைத்துத் திரும்பப் போட்டாள். எரிந்தது. ஒயரை ஆட்டினாள், எரிந்தது. ரப்பர் டியூபில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாள், எரிந்தது. இன்ஜினை ஓடவிட்டு வண்டி முழுக்க அதிர வைத்தும் பார்த்தாயிற்று. வீட்டுக்கு விருந்தாளி வந்த நேரத்துப் பிள்ளை மாதிரி, அத்தனை ஒழுங்காக எரிந்தது.

பிரேக் லைட் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. மிதிக்கும் இடத்தில் ஒரு ஸ்விட்ச். மிதித்தால் பாட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் சிவப்பு ஒயர் வழியாகப் பல்புக்குப் போகும். போனால் மட்டும் போதாது, திரும்பி வர வேண்டும். அதற்குத்தான் கறுப்பு ஒயர். அதை 'எர்த்' என்பார்கள். பல்பிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் இரும்பில் ஒரு போல்ட்டுக்கு வரும். அந்த இரும்பே பாட்டரி வரைக்கும் வழி. போகிற வழி அறுந்தாலும் எரியாது, வருகிற வழி அறுந்தாலும் எரியாது. இரண்டும் இருந்தால் எரிந்தே ஆக வேண்டும். வண்டி ஒயரிங் வேலையால் அந்தப் பெயர் வந்த ஒயரக்கா பதினாறு வருஷமாக இதை வைத்துத்தான் சாப்பிடுகிறாள்.

ஆனால் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் எரியவில்லை என்று எழுதியிருந்தார்.

நடந்தது இதுதான். இருபத்திரண்டு நாளைக்கு முன்னால், காலை எட்டரை மணி. அவள் தம்பி தண்ணீர் கேன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். தெருமுனை தாண்டி, பள்ளிக்கூடத்துக்கு முந்தின சிக்னலில் பிரேக் பிடித்தான். பின்னால் பைக்கில் வந்த போலீஸ்காரர், இடது பக்க லைட் எரியவில்லை என்று ஓரம் கட்டச் சொன்னார். கதவைத் திறந்ததும் வாடை. ஊதச் சொன்னார். மெஷின் காட்டிய நம்பர், சட்டம் விடுகிற அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பிறகு வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சாட்சிக்காகப் பின்பக்கத்தைப் படம் எடுத்தார்கள். படத்தில் இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிகின்றன.

அந்தப் படத்தைப் பார்த்ததும் வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை.

"குடிச்சாரா இல்லையான்னு நாம வாயே திறக்கப் போறதில்ல," என்று தன் மேஜைக்குப் பின்னாலிருந்து ஒயரக்காவுக்கு விளக்கினார். "ஏன் நிறுத்தின? அது ஒண்ணுதான் கேள்வி. காரணம் இல்லாம ஒரு வண்டிய நிறுத்தக் கூடாது. நிறுத்தின காரணமே பொய்னா அதுக்கப்புறம் நடந்தது எதுவும் செல்லாது. வாடை, ஊதினது, நம்பர், எல்லாம் குப்பை. உங்க பாஷைல சொன்னா, மெயின் ஃபியூஸ் போச்சு, வீடே இருட்டு."

"அப்படி ஒரே ஃபியூஸ் வச்சா அது நல்ல ஒயரிங் இல்ல சார்."

"சட்டத்துல அப்படித்தாம்மா. நீங்க வந்து கூண்டுல நின்னு, 'நான் எலக்ட்ரீஷியன், சோதிச்சுப் பார்த்தேன், லைட் எரியுது'ன்னு சொல்லுங்க. படம் அவங்களோடது. சாட்சி நம்மோடது. முடிஞ்சுது."

பக்கத்து நாற்காலியில் தம்பி காலை ஆட்டிக்கொண்டிருந்தான். "எரியறத எரியுதுன்னு சொல்றதுக்கு எதுக்கு இத்தனை நாள் சோதனை? இவ இப்படித்தான் சார். சோத்துல உப்பு இருக்கான்னு கேட்டாக்கூட மீட்டர் வச்சுப் பார்ப்பா."

"அப்ப அந்த ஆளு ஏன்டா எரியலன்னு எழுதினாரு?"

"அவனுக்கு அன்னைக்குக் கணக்குல ஒரு கேஸ் குறைஞ்சிருக்கும்."

"உன்னை அவருக்கு முன்ன பின்னத் தெரியுமா?"

"அக்கா, நீ எனக்குச் சாட்சியா, அவனுக்குச் சாட்சியா?"

அவளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியாது என்று தோன்றியது. பிறகு, ஏன் இருக்க முடியாது என்றும் தோன்றியது. ஒயரிங்கில் அப்படி நடப்பது உண்டு. கடையில் ஓடாத வண்டி வீட்டுக்குப் போனதும் ஓடும். அப்போதெல்லாம் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். சூடு, ஈரம், குலுக்கல், ஏதோ ஒன்று. அது என்ன என்று தெரிகிற வரை பழுது பழுதாகவே இருக்கும், எரிந்தாலும்.

அவள் கடையும் வீடும் ஒரே மனையில் இருந்தன. தெருவைப் பார்த்து ஷட்டர் வைத்த கடை. பின்னால் முற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் தம்பியின் இரண்டு அறை. முற்றத்துக் குழாயில்தான் தம்பி மனைவி கேன் கழுவுவாள். ஸ்டேஷனிலிருந்து விட்ட வண்டி, கேஸ் முடிகிற வரை ஓட்டக் கூடாது என்று முற்றத்திலேயே நின்றது. அன்றிலிருந்து அவள் ஒரு தள்ளுவண்டியில் நாலு நாலு கேனாக வைத்துப் பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும் போட்டு வந்தாள். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வது குறைந்து, முற்றத்தில் கேன் உருளுகிற சத்தம்தான் அதிகம் கேட்டது.

புதன்கிழமை மத்தியானம் அந்தப் போலீஸ்காரரே கடைக்கு வந்தார். யூனிஃபார்ம் இல்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஹார்ன் அடிக்கல."

ஒயரக்காவுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. "சார், நீங்க இங்க வரக் கூடாது. நான் அடுத்த வாரம் சாட்சி சொல்லப் போறவ."

"ஹார்ன் ரிப்பேருக்கு எந்தச் சட்டமும் கிடையாது. பாரு."

அவள் ஹார்ன் ஸ்விட்சைக் கழற்றினாள். உள்ளே பித்தளைத் தகடு பச்சை பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தாள். அவர் நின்றபடியே முற்றத்தில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும், நல்லா நிக்கட்டும்," என்றார். "ஏம்மா, உன் தம்பி என்னைப் பொய்யன்னு எழுதிக் குடுத்திருக்கான் தெரியுமா?"

"வக்கீல் எழுதினது."

"யாரு எழுதினா என்ன? ஆபீஸ்ல ஒவ்வொருத்தனும் என்னைப் பார்த்து ஒரு கண்ண மூடிட்டு 'லைட் எரியுதா அண்ணே?'ங்கறான். இருவது வருஷ சர்வீஸ். கண் டாக்டர்கிட்டப் போனேன். கடைசி வரிப் பொடி எழுத்து வரைக்கும் படிச்சேன். இன்னும் சின்னதா இருக்கான்னு கேட்டேன். டாக்டர் போய்யான்னு அனுப்பிட்டாரு."

ஒயரக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சிரி. உனக்கென்ன. எரியல. அவ்வளவுதான். எனக்கு நேரா பத்தடில நின்னுச்சு வண்டி. வலது எரிஞ்சுது, இடது செத்துக் கிடந்துச்சு."

"ஸ்டேஷன்ல எரிஞ்சுதே சார்."

"அதான் எனக்கும் புரியல. நடுவுல யாரும் லைட்டத் தொடல. நான் கூடவே இருந்தேன். உங்க வீட்டுப் பொண்ணு ஒரு வண்டி பிடிச்சிட்டு வந்து கேன் அத்தனையும் அதுல மாத்தி ஏத்துச்சு. நடு ரோட்ல நின்னு அதுக்கு நான்தான் டிராஃபிக்க ஒதுக்கிவிட்டேன். அந்த நன்றிகூட உங்க குடும்பத்துக்கு இல்ல. அப்புறம் வண்டி நேரா ஸ்டேஷன்."

ஒயரக்காவின் கை நின்றது.

"கேன் அத்தனையும் இறக்கிட்டீங்களா?"

"ஆமா. பின்ன, ஸ்டேஷன்ல தண்ணிப் பந்தலா வைக்க முடியும்?"

அவள் ஸ்விட்சை மாட்டி அழுத்திக் காட்டினாள். ஹார்ன் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது. காசு வேண்டாம் என்றாள். அவர் நோட்டை மேஜையில் வைத்துவிட்டு, "லஞ்சம் வாங்கினேன்னு அதையும் எழுதிக் குடுக்கறதுக்கா?" என்று முறைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வெளியே போன பிறகு அவள் தம்பி மனைவியைக் கூப்பிட்டாள்.

"கேன் நாப்பத்தெட்டும் ரொப்பணும்."

"ஆர்டரா?"

"இல்ல. வண்டில ஏத்திப் பார்க்கணும்."

தம்பி மனைவி இடுப்பில் கை வைத்தாள். "அண்ணி, ஒரு கேன் இருவது கிலோவுக்கு மேல. நாப்பத்தெட்டு ஏத்தி, இறக்கி... உங்களுக்கு என்ன, என் மேல ஏதாவது கோவமா?"

"நானும் தூக்கறேன்."

"நீங்க ஒயரத் தூக்கற கை. நகருங்க."

ரொப்புவதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. குழாயில் ஒரு கேன் நிறையும்போது இன்னொன்றை மூடி, மூன்றாவதை அலசுவாள். முழுக் கேனைத் தூக்குவதில் ஒரு முறை உண்டு. முதலில் சாய்த்து அடி விளிம்பில் உருட்டிக்கொண்டு வர வேண்டும். வண்டிப் பக்கம் வந்ததும் கழுத்தில் ஒரு கை, அடியில் ஒரு கை. முழங்காலால் ஒரு உந்து. கேன் தானாகத் தட்டில் ஏறி உட்காரும். கையால் மட்டும் தூக்குகிறவன் ஒரு வாரத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். தம்பி மனைவி மூச்சு மாறாமல் ஏற்றினாள்.

கீழ் வரிசையில் இருபத்துநாலு. ஒயரக்கா பிரேக் பெடலில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தாள். எரிந்தது. மேல் வரிசை. முப்பது, எரிந்தது. நாற்பது, எரிந்தது.

"போலீஸ்காரன் பேச்சைக் கேட்டு என் இடுப்ப ஒடிச்சிட்டீங்க," என்றாள் தம்பி மனைவி. "நாப்பத்துநாலு. எரியுதா?"

"எரியுது."

"நாப்பத்தஞ்சு."

"எரியுது. ஏத்து."

நாற்பத்தாறாவது கேன் கடைசி வரிசையில், பின் விளிம்பில் உட்கார்ந்தது. இடது லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. ஒயரக்கா இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"இன்னொண்ணு."

நாற்பத்தேழாவது கேன் ஏறியது. இடது பக்க லைட் அணைந்தது. வலது பக்கம் எரிந்துகொண்டிருந்தது.

"இறக்கு."

இறக்கினாள். எரிந்தது.

"ஏத்து."

அணைந்தது.

ஒயரக்கா கோணிப்பையை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். கேன்களுக்காகப் போன வருஷம் போட்ட இரும்பு ரேக், சேஸிஸைத் தாண்டி ஒன்றரை அடி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அது பழைய லைட்டை மறைத்ததால், லைட் இரண்டையும் கழற்றி ரேக்கின் கடைசியில் ஒரு பலகையில் மாட்டியிருந்தது. இப்போது கடைசி வரிசையில் பாரம் ஏறியதும் அந்த நீட்டல் ஒரு விரல் அகலத்துக்குக் கீழே தொய்ந்திருந்தது. ரேக் இறங்கியது, லைட்டும் இறங்கியது. லைட்டிலிருந்து சேஸிஸ் போல்ட்டுக்கு வரும் கறுப்பு ஒயர் இறங்கவில்லை. வில்லில் ஏற்றிய நாண் மாதிரி விறைத்து நின்றது. அவள் இரண்டு விரலால் அதைத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் உறை மட்டும் இருந்தது, உள்ளே கம்பி இல்லை. தினமும் இழுபட்டு இழுபட்டு, உறைக்குள்ளேயே செம்பு அறுந்திருந்தது. பாரம் இல்லாதபோது அறுந்த முனைகள் இரண்டும் தொட்டுக்கொண்டு கிடந்தன. பாரம் ஏறினால் விலகின.

யாருக்கும் ஏன் தெரியாமல் போனது என்பதும் இப்போது தெரிந்தது. முதல் கடையில் இரண்டு கேன் இறக்கியதும் லைட் எரிய ஆரம்பித்துவிடும். வீட்டிலிருந்து முதல் கடை வரை, பள்ளிக்கூட வாசல் வழியாகப் போகிற அந்த ஒரு கிலோமீட்டர் மட்டும்தான் இருட்டு.

வலது பக்கம் அவள் பார்த்தாள். அங்கே கிட்ட இருந்த போல்ட் துருப்பிடித்திருந்ததால், ஒயரைச் சுற்றி வளைத்து வேறு போல்ட்டுக்குக் கொண்டுபோயிருந்தது. வளைவு இருந்ததால் பிழைத்தது. இடது பக்கம் நேர் வழி. சரியாக அளந்து, ஒரு விரற்கடைகூட மிச்சம் வைக்காமல் வெட்டி, மூன்று இடத்தில் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டியது அவள்.

அவள் ஒயரிங் எல்லாமே அப்படித்தான். கடை திறந்த புதிதில், 'பொம்பள கட்டின ஒயர், கொடித் துணி மாதிரி தொங்கும்' என்று பக்கத்து மெக்கானிக் சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து அவள் கட்டின எதுவும் தொங்கியதில்லை. ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வந்தார்கள்.

வெளியே வந்தபோது தம்பி மனைவி ஒரு கேன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப அந்த ஆளு சொன்னது நிஜம்."

"நிஜம்."

"அன்னைக்கும் நான்தான் ஏத்தினேன்," என்றாள் தம்பி மனைவி. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏழு மணிக்கே ஆரம்பிச்சிட்டாரு. கை நடுங்குது, ஒரு வாய் போட்டாத்தான் ஸ்டியரிங் பிடிக்க முடியும்னாரு. நாப்பத்தெட்டாவது கேன் ஏத்தறதுக்குள்ள பாட்டில் காலி. பார்த்துட்டேதான் சாவியக் குடுத்தேன். பள்ளிக்கூட நேரம்னு தெரிஞ்சும் குடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன செய்வீங்க? மீட்டர் வைப்பீங்க." குரல் உடைந்து, உடனே கடினமானது. "நீங்க எதச் சொன்னாலும் என் பொழப்பு நாசம்தான். உண்மையச் சொன்னா லைசென்ஸ் போய் வேலை போகும். சொல்லலன்னா என்னைக்காவது ஆளே போவாரு, இல்ல எவன் பெத்த பிள்ளையாவது போகும். என்னைக் கேக்காதீங்க. உங்க வாய், உங்க இஷ்டம்."

"யாரு போவா?"

தம்பி முற்றத்து வாசலில் நின்றான். ஏற்றின கேனையும், எரியாத லைட்டையும் பார்த்தான். புரிந்துகொள்ள அவனுக்கு நேரம் ஆகவில்லை.

"கண்டுபிடிச்சிட்டியா? சந்தோஷமா?"

"லோடு ஏறினா எர்த் அறுந்துடுதுடா."

"அறுந்துட்டுப் போகுது. படத்துல எரியுது. நீ கூண்டுல ஏறி எரியுதுன்னு சொல்ற. வக்கீல்கிட்ட இதப் பத்தி மூச்சு விடாத. அந்த ஆளு பயந்தாங்கொள்ளி."

"எரியாதத எரியுதுன்னு எப்படிச் சொல்றது?"

"காலி வண்டில எரியுதுல்ல? அது பொய்யா?" அவன் கிட்ட வந்தான். மதிய நேரத்திலேயே வாடை வந்தது. "சரி, சொல்லு. போய்ச் சொல்லு. 'ஒயர் கட்டினது யாரு?'ன்னு அடுத்த கேள்வி வரும். என்ன சொல்வ? 'என் வேலை லட்சணம் இதுதான்'னு சொல்லுவியா? மறுநாள்லேர்ந்து சைக்கிள் டைனமோகூட எவனும் உன்கிட்டக் குடுக்க மாட்டான். ஒயரக்காவாம். ஒரு ஒயர் ஒழுங்காக் கட்டத் தெரியல."

அவள் கையிலிருந்த கோணிப்பையை மடித்தாள்.

"சொல்ல மாட்ட," என்று சிரித்தான். "உன்னை எனக்குத் தெரியாதா? என்னைக் காட்டிக் குடுத்தாலும் குடுப்ப. உன் வேலையக் குடுக்க மாட்ட."

கோர்ட்டுக்கு முந்தின அந்த நாலு நாளும் அவள் அந்த ஒயரைத் தொடவில்லை. கேஸ் முடிகிற வரை வண்டியில் எதையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு. ஐந்து நிமிஷ வேலை. ராத்திரி படுத்தால் விரல் நுனியில் அந்த வெற்று உறை தட்டுப்பட்டது.

கோர்ட் அறை சின்னது. ஃபேன் ஒரு பக்கம் சாய்ந்து சுற்றியது. பேரிங் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். முன் பெஞ்சில் தம்பி மொட மொட சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவனிடமிருந்து ஒரு ஆள் இடம் விட்டுத் தம்பி மனைவி. எதிர்ப் பக்கம் போலீஸ்காரர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல்.

வக்கீல் படத்தைக் காட்டினார். "இதுல இடது பக்க லைட் எரியுதா?"

"எரியுது."

"நீங்களும் அந்த வண்டியச் சோதிச்சீங்க. எத்தனை தடவை?"

"நூறு தடவைக்கு மேல இருக்கும்."

"எரிஞ்சுதா?"

"காலி வண்டில எரிஞ்சுது."

"அவ்வளவுதான் ஐயா," என்று வக்கீல் நீதிபதியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்காரப் போனார்.

"இன்னும் முடியல சார்," என்றாள் ஒயரக்கா.

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "என்ன முடியல?"

"நாப்பத்தாறு கேன் வரைக்கும் எரியும் ஐயா. நாப்பத்தேழாவது ஏத்தினா இடது பக்கம் அணைஞ்சிடும். அன்னைக்கு வண்டில நாப்பத்தெட்டு இருந்துச்சு. இந்தப் படம் கேன் எல்லாம் இறக்கினதுக்கு அப்புறம் எடுத்தது. அவரு பார்த்தப்ப எரிஞ்சிருக்காது."

"ஏய்!" தம்பி எழுந்துவிட்டான். "கூடப் பொறந்தவளாடி நீ?"

"உட்காருங்க," என்றார் நீதிபதி. வக்கீல் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். தம்பி மனைவி தலையைத் திருப்பவில்லை. போலீஸ்காரர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏன் அணையுது?" என்றார் நீதிபதி.

"ரேக் பாரத்துல கீழ இறங்குது. எர்த் ஒயருக்கு இறங்க இடம் இல்ல. தினம் இழுத்து இழுத்து உள்ள கம்பி அறுந்துடுச்சு. வெளிய பார்த்தா தெரியாது. லோடு ஏத்தி, பிரேக் மிதிச்சுப் பார்த்தா யாருக்கும் தெரியும்."

"அந்த ஒயர யாரு கட்டினது?"

தம்பி அவளையே பார்த்தான்.

"நான் கட்டினது ஐயா. ரொம்ப இறுக்கிக் கட்டிட்டேன். என் தப்பு."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"இதச் சரி பண்ண முடியுமா?"

"முடியும். அந்த ஒயரக் கழட்டிட்டுப் புதுசு போடணும். தேவையான அளவ விட ஒரு சாண் கூடுதலா வெட்டி, வளைச்சுத் தொங்கவிட்டுக் கட்டணும். ரேக் இறங்கும்போது ஒயரும் கூட இறங்கும். நாப்பத்தெட்டு கேன் ஏத்தினாலும் லைட் எரியும்."